எழுத்துகளோடு விளையாடிய அறிஞர்

நுழையும்முன்

சொல்லின் முதலெழுத்து தெரிந்தால் அகராதியில் அச்சொல்லை எளிதில் கண்டறியலாம். சொல்லின் நடுவிலுள்ள எழுத்துகள் மட்டுமே தெரியும் எனில் அகராதி கைகொடுப்பதில்லை. நினைவும் சிந்தனையுமே துணைசெய்யும். அத்தேடலையே விளையாட்டாக வகுத்து, சிறாரும் பெரியோரும் மகிழத் தந்தவர் ஒரு கணித ஆசிரியர். உலகம் அவரை லூயிஸ் கரோல் என்னும் கதையாசிரியராக அறியும்.

இளமை

லூயிஸ் கரோலின் இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன். இவர் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் பிறந்தார். தந்தை கிறித்தவ மதகுரு. உடன்பிறந்தோருடன் சேர்த்து மக்கள் பதினொருவர். ஆண்மக்களுள் இவரே மூத்தவர். தம்பி தங்கையரை மகிழ்விக்கப் புதிர்களும் கதைகளும் புனைந்தார். குடும்பத்தினர் படிக்கக் கையெழுத்து ஏடுகளையும் நடத்தினார். அவற்றுள் இறுதியாக வந்த ஏட்டின் பெயர் ‘மிஷ்மாஷ்’. பலவும் கலந்த கலவை என்பது அதன் பொருள்.

சிறுவயதில் கண்ட நோயால் இவரது வலக்காதின் கேள்திறன் குறைந்தது. திக்குவாயும் வாழ்நாள் முழுவதும் இவரை விட்டு நீங்கவில்லை. 1851இல் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குச் சென்ற சில நாள்களிலேயே தாயை இழந்தார். துயரையும் தடையையும் தாங்கிக்கொண்டு கணிதத்தில் சிறந்து விளங்கிய இவர், 1855 முதல் 1881 வரை அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

புனைபெயரும் புகழும்

1856இல் இதழொன்றில் எழுதுவதற்காக நான்கு புனைபெயர்களை இவர் முன்மொழிந்தார். அவற்றுள் இரண்டு, ‘சார்லஸ் லட்விட்ஜ்’ என்பதிலுள்ள ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றி அமைத்தவை; எட்கர் கத்வெல்லிஸ் என்பது அவற்றுள் ஒன்று. இதழாசிரியர் தேர்ந்தெடுத்ததோ லூயிஸ் கரோல் என்னும் பெயரை. இயற்பெயரின் இரு சொற்களையும் இலத்தீன் வடிவத்திற்கு மாற்றி, வரிசையைத் திருப்பி, மீண்டும் ஆங்கிலமாக்கியதால் அப்பெயர் பிறந்தது.

1862ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், கல்லூரித் தலைவரின் மகளிர் மூவருடனும் நண்பர் டக்வொர்த்துடனும் படகில் சென்றபோது கரோல் ஒரு கதை சொன்னார். அச்சிறுமியருள் ஒருத்தியான ஆலிஸ் அதனை எழுதித் தருமாறு வேண்டினாள். அக்கதையே விரிவுபெற்று, 1865இல் ‘ஆலிசின் அற்புத உலகம்’ எனத் தமிழில் வழங்கும் நூலாக வெளிவந்தது. 1871இல் அதன் தொடர்ச்சியும் வெளிவந்தது. அத்தொடர்ச்சி நூலில் அவர் புதிதாகப் படைத்த ‘சார்ட்டில்’ என்னும் சொல், மகிழ்ச்சிச் சிரிப்பைக் குறிக்கும் சொல்லாக ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுவிட்டது.

சொல் விளையாட்டுகள்

1877ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பொழுதுபோக்க ஏதேனும் தருமாறு சிறுமியர் இருவர் கேட்டனர். அவர்களுக்காகக் கரோல் ஒரு புதிரை உருவாக்கினார். ஒரு சொல்லை ஒவ்வோர் எழுத்தாக மாற்றி வேறொரு சொல்லாக ஆக்கவேண்டும். இடையில் வருவன யாவும் பொருளுடைய சொற்களாதல் வேண்டும். தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பதை ஹீல், டீல், டெல், டால் எனப் படிப்படியாக மாற்றினால் வாலைக் குறிக்கும் ‘டெயில்’ கிடைக்கும். 1879இல் இவ்விளையாட்டு ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் வெளிவந்து பரவியது.

1880களின் தொடக்கத்தில் கரோல் மற்றொரு விளையாட்டை வெளியிட்டார். அதற்குத் தம் இளமைக்கால ஏட்டின் பெயரான ‘மிஷ்மாஷ்’ என்பதையே சூட்டினார். ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகளைக் ‘கரு’வாகத் தருவார். அவ்வெழுத்துகள் அதே வரிசையில் இடைவிடாது அமைந்த நீண்ட சொல்லை மற்றவர் கூறவேண்டும். இ, எம், ஓ என்பது கருவானால், எலுமிச்சையைக் குறிக்கும் ‘லெமன்’ விடையாகும். ஜி, பி என்பது கருவானால் விடை எளிதில் தோன்றாது. ‘மேக்பை’ என்னும் பறவைப்பெயரில் ஜி முதல் அசையின் இறுதியிலும் பி அடுத்த அசையின் தொடக்கத்திலும் நிற்கின்றன. இரண்டு அசைகள் கூடுமிடத்தில் கரு மறைந்திருத்தலால், சொல்லை ஒலியாக மட்டும் கேட்பவருக்கு அது புலப்படாது. எழுத்தெழுத்தாகப் பிரித்து நோக்குபவருக்கே புலப்படும்.

இயற்பெயர்கள் விடையாகா என அவர் விதி வகுத்தார். கருவைத் தருபவர் விடையை அறிந்திருக்க வேண்டுவதில்லை என்பதும் ஒரு விதி. இதனால் வினவுபவரும் விடைதேடுபவரும் ஒருசேரச் சிந்திக்கும் நிலை உருவாயிற்று. கணிதத்திற்குரிய ஒழுங்கு விளையாட்டிலும் நிலவியது.

நிறைவு

1868இல் தந்தை மறைந்தபின், திருமணமாகாத கரோல் தம் உடன்பிறந்தோர்க்காகக் கில்ஃபோர்டு நகரில் இல்லம் அமைத்தார். மூத்த மகனுக்குரிய பொறுப்பை இறுதிவரை ஏற்றார். நேரில் உரையாடத் திணறிய அவர், ஏறத்தாழ 37 ஆண்டுகள் கடிதப் பதிவேடு ஒன்றைப் பேணிவந்தார். அதிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கை 98,721. நாவில் தடைப்பட்ட சொற்கள் தாளில் தடையின்றிப் பெருகின. 1898ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கில்ஃபோர்டு இல்லத்தில் அவர் இயற்கை எய்தினார்.

பேச்சில் நேர்ந்த குறை மொழியின்மீது கொண்ட பற்றைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பிரித்தும் சேர்த்தும் ஆராயும் பழக்கம் மொழியறிவை வளர்க்கும் என்பதைக் கரோலின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.