வழி இல்லாத ஊருக்கு வண்டி செய்தவர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். காந்தி, பாரதியார், மேரி கியூரி, எடிசன் பத்தியெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. அதனால் நான் வேறு ஒருத்தரை எடுத்திருக்கிறேன். அவர் பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியர். கனடா நாட்டுக்காரர். பனிக்கட்டி மேல் ஓடுகிற வண்டியைச் செய்தவர்.

வெயில் கொளுத்துற நம்ம கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்கும் பனிவண்டிக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பனி என்றால் எந்தப் பனி?

மார்கழி மாசம் வாசலில் கோலம் போடும்போது தலையில் விழுமே, அந்தப் பனி இல்லை. ஃபிரிட்ஜின் மேல் அறையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தூள் வருமே, அது மாதிரி வானத்திலிருந்து கொட்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரைக்கும் பனி கிடக்கும். வயல், ரோடு, வாய்க்கால் எல்லாம் ஒரே வெள்ளை. எது ரோடு என்றே தெரியாது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே கிராமத்து ரோட்டில் பனியை அள்ளிப் போட ஏற்பாடு கிடையாது. கார் வைத்திருந்தவங்ககூட குளிர்காலம் வந்ததும் காரைக் கொட்டகையில் ஏற்றி நிறுத்திடுவாங்க. வசந்தகாலம் வந்துதான் வெளியே எடுப்பாங்க. அதுவரைக்கும் குதிரை இழுக்கிற சறுக்கு வண்டிதான். கொஞ்சம் பெரிய பனி விழுந்தால் அதுவும் போகாது.

பிறப்பும் விளையாட்டும்

அப்படிப்பட்ட இடத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1907 ஏப்ரல் 16 அன்று அர்மான் பிறந்தார். அப்பா அல்பிரெட், அம்மா அன்னா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வீட்டில் பேசுவது பிரெஞ்சு மொழி.

சின்ன வயசிலேயே எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பார். 13 வயசில் பழைய கடிகாரத்தில் இருந்த பல்சக்கரங்களை எடுத்து ஓடும் பொம்மைகள் செய்தார். ஆனால் வீட்டில் இவரைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 14 வயசில் ஷெர்புரூக் என்ற பட்டணத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். நம்ம வயசுதான் பாருங்க. படிப்பு அங்கே, மனசு மட்டும் மெஷின் மேலே.

15 வயசில் முதல் வண்டி

1922 கிறிஸ்துமஸ் லீவுக்கு அர்மான் வீட்டுக்கு வந்தார். அப்பா ஒரு பழைய ஃபோர்டு காரைப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தார். வேற பையனாக இருந்தால் பிரித்து, பார்த்து, அப்படியே போட்டிருப்பான். அர்மான் அதன் இன்ஜினை மட்டும் எடுத்தார். தம்பி லியோபோலைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மரச் சறுக்கு வண்டிகளை ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கட்டினார். பின்னாடி இன்ஜினை வைத்து, அதில் விமானத்துக்கு இருக்கிற மாதிரி மரத்தில் ஒரு பெரிய விசிறியை மாட்டினார். விசிறி சுற்றினால் காற்று பின்னால் போகும், வண்டி முன்னால் போகும். நியூட்டனின் மூன்றாம் விதி!

டிசம்பர் 31 அன்று அண்ணனும் தம்பியும் அந்த வண்டியைத் தெருவில் விட்டார்கள். முன்னால் தம்பி ஓட்ட, பின்னால் அண்ணன் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, பயங்கரச் சத்தத்தோடு சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடியது. ஊரே வெளியே வந்து பார்த்தது. அப்பாவுக்கோ குலை நடுங்கிப் போச்சு. திறந்த விசிறியில் யாருடைய கையாவது தலையாவது பட்டால் என்ன ஆகும்? உடனே பிரிக்கச் சொல்லிவிட்டார். அர்மானும் பிரித்துவிட்டார். ஆனால் பனி மேல் வண்டி ஓடும் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்துபோச்சு.

கேரேஜ் முதலாளி

17 வயசில் பாதிரியார் படிப்பை விட்டுவிட்டு ஒரு கேரேஜில் வேலை கற்கப் போனார். பிறகு மான்ட்ரியல் நகரத்தில் பகலில் வேலை, ராத்திரியில் மெக்கானிக் வகுப்பு, எலக்ட்ரிக்கல் வகுப்பு. 1926-ல் ஊருக்குத் திரும்பி வால்கூரிலேயே சொந்தமாகக் கேரேஜ் போட்டார். அப்போது வயசு 19. அதற்கு அப்பாவிடம் கடன் வாங்கினார். மூன்று வருஷத்தில் அதை அடைத்தும் விட்டார். 1929-ல் இவோன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

கோடையில் கார் ரிப்பேர் நிறைய வரும். குளிர்காலத்தில் கார் எதுவும் ஓடாததால் கேரேஜில் வேலை குறையும். அந்த மாசங்களில் அவர் பழைய கார்களைப் பனிவண்டியாக மாற்றிப் பார்ப்பார். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வளைந்த பலகை மாட்டுவார். பின் சக்கரத்துக்குப் பட்டை சுற்றுவார். கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் புதைந்து நிற்கும். பட்டை கழன்று போகும். பனி பல்சக்கரத்தில் அடைத்துக்கொள்ளும். பிரிப்பார், மறுபடியும் செய்வார். இப்படியே பல வருஷம் போச்சு.

அந்தக் குளிர்காலம்

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

1934 குளிர்காலம். அவருடைய சின்ன மகனுக்கு 2 வயசு. குழந்தைக்கு வயிற்றுக்குள் சீழ் பிடித்துக் கடுமையான நோய் வந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி இருந்தது ஷெர்புரூக்கில். கோடையாக இருந்தால் கார் எடுத்துப் போயிடலாம். ஆனால் ரோடு முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. கேரேஜில் அவர் செய்துகொண்டிருந்த பனிவண்டியோ ஓடும் நிலையில் இல்லை. எத்தனையோ இன்ஜினை ஓட வைத்த மனுஷன், பெத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் நின்றார். குழந்தை இறந்துபோனது.

இதற்கு அப்புறம் ஒருத்தர் வேலையையே விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. அதுவரைக்கும் அவருக்கு அது ஆசை. அதற்குப் பிறகு அது கடமை ஆகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

வண்டி ஓடியது

1935-ல் அவருக்கு வழி கிடைத்தது. அதைப் புரிந்துகொள்ள நம் அறிவியல் பாடத்தில் வரும் அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். அதே எடை சின்னப் பரப்பில் இறங்கினால் அழுத்தம் அதிகம், பெரிய பரப்பில் இறங்கினால் அழுத்தம் குறைவு. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதால்தான் மணலில் புதைவதில்லை. டயர் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு. அகலமான நீளமான பெல்ட் போட்டால் எடை பரவிவிடும், வண்டி புதையாது.

அர்மான் ரப்பர் பட்டைகளை எடுத்து, குறுக்கே இரும்புச் சட்டங்கள் வைத்து இணைத்து ஒரு பெல்ட் செய்தார். அதைச் சுற்ற வைக்க ஒரு பல்சக்கரம் செய்து, அதற்கு ரப்பர் போர்த்தினார். ரப்பர் இருந்ததால் பனி ஒட்டிக்கொண்டு இறுகவில்லை, பெல்ட்டும் நழுவவில்லை. பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இத்தனை வருஷம் வண்டியை நிறுத்தியது அந்தச் சின்ன விஷயம்தான். 1937-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அந்த முறையில் பி-7 என்ற வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரலாம். எடை குறைய உடம்பைப் பிளைவுட்டில் செய்தார். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் பெல்ட். டாக்டர்கள், கால்நடை வைத்தியர்கள், பாதிரியார்கள் எல்லாரும் வாங்கினார்கள். நோயாளி வர முடியாத ஊருக்கு இப்போது டாக்டரே போக முடிந்தது. பிறகு 12 பேருக்கு பி-12 வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போக இன்னும் பெரிதாக சி-18 வந்தது. பனியில் ஸ்கூல் பஸ்! 1942-ல் வால்கூரில் முறையாகக் கம்பெனி தொடங்கினார்.

மறுபடியும் ஒரு அடி

1948 வாக்கில் கியூபெக் அரசு கிராமத்து ரோடுகளிலும் பனியை அகற்ற ஏற்பாடு செய்தது. மக்களுக்கு நல்லது. ஆனால் சாதாரணக் காரே ஓடும்போது பனிவண்டியை யார் வாங்குவார்கள்? விற்பனை படுத்துவிட்டது.

அர்மான் உட்கார்ந்து அழவில்லை. பனியில் புதையாத பெல்ட், சேற்றில் மட்டும் புதையுமா என்று யோசித்தார். டிராக்டர் சக்கரத்தின் மேல் மாட்டும் பெல்ட் செய்தார். 1953-ல் சதுப்பு நிலத்தில் ஓடும் மஸ்கெக் என்ற வண்டியைச் செய்தார்.

15 வயசில் அவர் நினைத்த சின்ன வண்டி மட்டும் பாக்கி. ஒருத்தர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார்ந்து போகும் வண்டி. அதற்கு எடை குறைந்த இன்ஜினும், இணைப்பு இல்லாத ஒரே ரப்பர் பெல்ட்டும் தேவை. அந்த பெல்ட்டை உருவாக்க அவருடைய மகன் ஜெர்மேன் உதவினார். 1959-ல் ஸ்கீ-டூ வெளிவந்தது. வடக்கே நாய் இழுக்கும் வண்டியில் போய்க்கொண்டிருந்த மக்களுக்கு அது பெரிய உதவி ஆனது.

40-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர், 1964 பிப்ரவரி 18 அன்று புற்றுநோயால் காலமானார். வயசு 56 தான். வால்கூரில் அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்கீ-டூ இன்றும் அதே ஊரில் செய்யப்படுகிறது.

பாதை வண்டி, மலை வண்டி

இன்றைக்குப் பனிவண்டியில் பல வகை உண்டு. சமமான பாதையில் ஓடுவது ஒரு வகை, ஆழமான பனியில் மலை ஏறுவது இன்னொரு வகை. சிலர் பாதை வண்டியை வாங்கித் தாங்களே மலை வண்டியாக மாற்றிக்கொள்கிறார்கள். எப்படித் தெரியுமா?

1. பெல்ட்டை நீளமாக்குவார்கள். பாதை வண்டியின் பெல்ட் ஒரு சுற்றுக்கு 10, 11 அடி இருக்கும். மலை வண்டிக்கு 13, 14 அடி.
2. பெல்ட்டின் மேல் இருக்கும் பற்களை உயரமாக்குவார்கள். ஒரு அங்குலப் பல் இரண்டரை, மூன்று அங்குலம் ஆகும். அது துடுப்பு மாதிரி பனியைத் தள்ளும்.
3. தேவையில்லாத பாகத்தைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள்.
4. மலை மேல் காற்று அடர்த்தி குறைவு என்பதால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். அதனால் வேகம் குறைந்து இழுவை கூடுகிற மாதிரி பல்சக்கரத்தை மாற்றுவார்கள்.

நாலும் புதுசு இல்லை பாருங்க. பரப்பைக் கூட்டு, எடையைக் குறை, பிடிப்பைக் கொடு. வால்கூர் கேரேஜில் அவர் கண்டுபிடித்த பாடம்தான். நம் நாட்டில் காஷ்மீரின் குல்மார்க் பக்கம் போனால் பனிவண்டியைப் பார்க்கலாம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

இப்போ முதலில் சொன்னதுக்கு வரேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்போ நான் ஏழாம் வகுப்பு. எங்க தெருவைச் சுத்தித் தண்ணி. ராத்திரி என் தம்பிக்கு ஜுரம் ஏறி ஜன்னி வந்துடுச்சு. அம்மா அவனை மடியில் வெச்சுக்கிட்டு அழுதாங்க. பைக் போகல, ஆட்டோ போகல. ரோடு எங்கே இருக்குன்னே தெரியல. பக்கத்து வீட்டு மாமா, சேறு அடிக்கக் கேஜ் வீல் மாட்டி வெச்சிருந்த டிராக்டரைக் கிளப்பினார். வயல் வழியாகவே ஓட்டி எங்களை ஜி.என்.டி. ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். தம்பி பிழைச்சான்.

வெறும் டயர் சேத்துல வழுக்கும், கேஜ் வீல் இருந்தால் அகலம் கூடும், பிடிப்பு கிடைக்கும்னு மாமா அப்புறமா எனக்கு விளக்கினார். அர்மானின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த டிராக்டர்தான் ஞாபகம் வந்தது. நம்ம ஊர் பெல்ட் வைத்த அறுவடை மெஷினும் அதே கணக்குதான். அவருடைய குழந்தைக்குக் கிடைக்காத வண்டி என் தம்பிக்குக் கிடைத்தது.

இன்னொரு செய்தி. பொம்பார்டியர் கம்பெனி பிற்காலத்தில் ரயில் பெட்டியும் செய்தது. டெல்லி மெட்ரோவுக்குக் குஜராத்தில் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து பெட்டிகள் போயின. அந்த ரயில் பிரிவை 2021-ல் ஆல்ஸ்டம் கம்பெனி வாங்கியது. நமக்குப் பக்கத்தில் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் மெட்ரோ பெட்டி செய்கிறார்களே, அதே ஆல்ஸ்டம்தான். நம்ம ஊர் அண்ணன் அக்காக்கள் தினமும் கம்பெனி பஸ்சில் போகிற ஸ்ரீசிட்டி!

நண்பர்களே, ரோடு இல்லை என்றால் ரோடு கேட்க வேண்டும், அது நம் உரிமை. ஆனால் ரோடு வரும்வரை நோயாளி காத்திருக்க மாட்டார். இருக்கிற வண்டியை, இருக்கிற நிலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்ற நமக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நான் பத்தாவது முடித்ததும் மெக்கானிக் படிப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். பொண்ணுக்கு எதுக்கு ஸ்பேனர்னு வீட்டில் கேட்கிறாங்க. என் தம்பியைக் காட்டி பதில் சொல்லப் போறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

யோசித்து விடை எழுதுங்கள்: ஒட்டகம், கேஜ் வீல், பனிவண்டி பெல்ட், இந்த மூன்றுக்கும் பொதுவான அறிவியல் கருத்து எது? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும்.