நோய்க்குப் பெயர் தந்தார். நாட்டுக்கு உயிர் தந்தார்!

1930-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி. ஹாலந்து நாட்டில், பிரேதப் பரிசோதனை மேஜை மீது ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. கத்தியைக் கையில் எடுத்தவர் 29 வயது இளம் டாக்டர். குழந்தையின் மார்பைத் திறந்தவர் திகைத்துப் போனார். பிஞ்சுக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய இருதயமா?

அந்த டாக்டரின் பெயர் யோவான்னெஸ் காசியானஸ் பொம்பே. 1901-ம் ஆண்டு உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். அங்கேயே வைத்தியம் படித்தவர்.

பெருத்த இருதயத்தோடு பிறந்து, கைகால் துவண்டு, தலை நிற்காமல், ஒரு வயது நிறைவதற்குள் கண்ணை மூடிவிடும் குழந்தைகளை டாக்டர்கள் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறார்கள். "காரணம் தெரியாத இருதய வீக்கம்" என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார்கள். தெரியாது என்பதையே லத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒரு பெயராக்கி வைத்துக்கொள்வது வைத்தியத் துறையின் பழைய வழக்கம்தானே!

பொம்பேக்கு அது போதவில்லை. இருதயத் தசையில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். தசைநார்கள் மீன் வலைபோலக் கண் கண்ணாக விரிந்து கிடந்தன. அந்த வலைக் கண்களை நிரப்பியிருந்த பொருள் என்ன? கிளைக்கோஜன்! நாம் உண்ணும் சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடம்பு சேமித்து வைக்கும் உருவம் அது. இருதயத்தில் மட்டுமல்ல, அவர் பார்த்த உறுப்புகளில் எல்லாம் அது மண்டிக் கிடந்தது. வீட்டில் நெல் குவிந்து கிடக்கிறது. ஆனால் குத்தி எடுக்க ஆளில்லை என்பது போன்ற நிலை.

1932-ல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். 1936-ல் இதையே ஆராய்ச்சி நூலாக்கி டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. சேர்ந்த சர்க்கரை ஏன் கரையவில்லை?

ஆய்வுக்கூடத்தில் ஒரு ரகசியம்

1940 மே 10-ந் தேதி ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. சில நாட்களிலேயே நாடு வீழ்ந்தது. பிறகு நடந்ததை உலகம் அறியும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டச்சு யூதர்கள் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள்.

பொம்பே அப்போது ஆம்ஸ்டர்டாமில் நோயியல் நிபுணர். தானுண்டு, தன் கண்ணாடித் தகடுகள் உண்டு என்று இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் யூதர்கள் மறைந்து வாழ உதவினார். எதிர்ப்பு இயக்கத்தார் ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவியை ஒளித்து வைக்க இடம் தேடினார்கள். சோதனைப் பிராணிகளை அடைத்து வைத்திருந்த தம் ஆய்வுக்கூடக் கட்டடத்தையே பொம்பே கொடுத்துவிட்டார்! எலியும் முயலும் கிடக்கும் இடத்தில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் ஒலிபரப்பும் கருவி எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் கருவிகள் ஜெர்மானியரிடம் இருந்தன. 1945 பிப்ரவரி 25-ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரகசியம் அம்பலமாயிற்று. பொம்பே கைதானார்.

ஏப்ரலில் எதிர்ப்பு இயக்கத்தார் ரயில் பாதை ஒன்றைத் தகர்த்தார்கள். அதற்கும் சிறைக்குள் இருந்த பொம்பேக்கும் என்ன சம்பந்தம்? எதுவுமில்லை. ஆனால் பழிக்குப் பழி வாங்கக் கைதிகள் தேவைப்பட்டார்கள். ஏப்ரல் 15-ந் தேதி அவரையும் வேறு கைதிகளையும் சின்ட் பாங்க்ராஸ் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 43. இருபதே நாளில், மே 5-ந் தேதி, ஹாலந்து விடுதலை பெற்றது!

கந்தக முடிச்சுகள்

பொம்பே விட்டுச் சென்ற கேள்விக்குப் பக்கத்து நாடான பெல்ஜியத்தில் விடை கிடைத்தது. லூவேன் நகரில் 1955-ல் கிறிஸ்தியன் டி டூவ் என்ற விஞ்ஞானி, உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் சின்னஞ்சிறு பைகள் இருப்பதைக் கண்டு அவற்றுக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1963-ல் அதே ஊரைச் சேர்ந்த ஹெர்ஸ், பொம்பே நோயுள்ள குழந்தைகளின் அணுக்களில் ஒரு என்ஸைம் இல்லை என்று காட்டினார். அந்தப் பைக்குள் கிளைக்கோஜனை உடைக்கும் என்ஸைம் அது. நெல் குத்தும் ஆள் அகப்பட்டுவிட்டார்!

அந்த என்ஸைம் ஒரு புரதம். 952 அமினோ அமிலங்கள் கோத்த சரம். சரம் தாறுமாறாகச் சுருண்டால் பயனில்லை. ஒரே விதமாக மடிய வேண்டும். மடிந்த உருவம் கலையாமல் பிடித்து வைப்பதில் கந்தகத்துக்குப் பெரும் பங்குண்டு. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்தால் ஒரு முடிச்சு விழும். பூச்சரத்தின் நாரில் விழும் முடிச்சைப் போல!

யார் யாரோடு கைகோக்கிறார் என்று கண்டுபிடிப்பது எப்படி? முடிச்சை அவிழ்க்காமல் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மூலக்கூறுகளை எடைபோடும் கருவியில் நிறுக்கிறார்கள். பிறகு முடிச்சை அவிழ்த்து மறுபடி நிறுக்கிறார்கள். எந்தத் துண்டு இரண்டாகப் பிரிந்து எடை குறைகிறதோ, அங்கேதான் முடிச்சு. சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். சற்றுச் சூடோ காரமோ கூடினாலும் முடிச்சுகள் அவிழ்ந்து வேறு ஜோடி சேர்ந்துகொண்டு ஆராய்ச்சியாளரை ஏமாற்றிவிடும்.

இந்தப் புரதத்தின் தொடக்கப் பகுதியில் 82-ம் எண்ணுக்கு ஜோடி 109, 92-க்கு 108, 103-க்கு 127. மூன்று முடிச்சும் சேர்ந்து மூன்றிதழ் இலைபோன்ற ஓர் உருவம் தருகின்றன. 374-ம் எண்ணில் நிற்கும் சிஸ்டீனுக்கோ துணையே இல்லை! லைசோசோமுக்குள் போனதும் சரம் சில இடங்களில் வெட்டுப்படுகிறது. 103-க்கும் 127-க்கும் நடுவிலும் ஒரு வெட்டு விழுகிறது. அப்போதும் துண்டுகள் பிரிவதில்லை, முடிச்சு பிடித்துக்கொள்கிறது. அந்த 103-ம் சிஸ்டீன் பரம்பரைக் கோளாறால் மாறிப்போனவர்களிடம் பொம்பே நோய் காணப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு முடிச்சு!

1999-ல் ராட்டர்டாமில் நான்கு குழந்தைகளுக்கு இந்த என்ஸைமை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அது கிடைத்தது முயல் பாலிலிருந்து. மனிதப் புரதத்தைப் பாலில் சுரக்கும்படி மாற்றப்பட்ட முயல்கள் அவை. 2006-ல், ஹாம்ஸ்டர் என்னும் பிராணியின் உயிரணுக்களில் தயாரித்த மருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பிராணியின் அணுவில் தயாரான புரதத்திலும் முடிச்சுகள் மனித உடம்பில் உள்ளபடியே விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். கந்தக வரைபடம் அங்கேதான் கைகொடுக்கிறது. மருந்து நோயை அடியோடு போக்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு வயதைத் தாண்டாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளில் பலர் நடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள்.

இந்த நோயுள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஆண்டுக்கொரு நாளை உலகப் பொம்பே தினமாகக் கொண்டாடுகிறார்கள். அது அவர் பிறந்த நாளல்ல. அந்தக் குழந்தையைப் பரிசோதித்த நாளும் அல்ல. ஏப்ரல் 15.