உரமூட்டைக்கு முன்பே இருந்த கூட்டாளி

உரத்தின் விலையும் மானியமும் ஆண்டுதோறும் விவாதிக்கப்படுகின்றன. மண்ணிலுள்ள ஊட்டத்தைக் கூலியின்றி வேருக்குக் கொண்டுசேர்க்கும் பூசணம் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அதற்காக வாதாடியவர் ஆல்பர்ட் ஹோவார்ட்.

இங்கிலாந்தில் உழவர் குடும்பத்தில் 1873-இல் பிறந்த ஹோவார்ட், 1905-இல் பிகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளராகச் சேர்ந்தார். மனைவி கேப்ரியலும் தாவரவியலாளர். இருவரும் புதிய கோதுமை ரகங்களை உருவாக்கினர். இந்திய உழவர்களிடம் மாணவர்களாகவும் இருந்தனர். 1924-இல் இந்தோர் சென்ற ஹோவார்ட், பயிர்க்கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மட்கச் செய்யும் இந்தோர் முறையை வகுத்தார். கேப்ரியல் 1930-இல் மறைந்தார். மறு ஆண்டு ஹோவார்ட் நாடு திரும்பினார்.

பின்னர் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டபோது, மட்கு இட்ட செடிகளின் வேர்களில் பூசணம் செழித்திருப்பதை அவர் கவனித்தார். செடி அந்தப் பூசணத்தைச் செரித்து ஊட்டம் பெறுகிறது என்று 1940-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. செடி தரும் சர்க்கரைக்கு ஈடாகப் பூசணம் பாஸ்பரஸைத் தேடித் தருகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால், கூட்டுறவு உண்மை என்ற அவரது அடிப்படை முடிவு நிலைத்தது.

இன்று உழவர்கள் 'வேம்' என்று அறியும் வேர் உட்பூசணம் இதுவே. கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த மண்ணில் வேரும் மெதுவாக வளரும்; பாஸ்பரஸும் மெதுவாகவே நகரும். அங்கே மண்ணைத் துழாவும் பூசண இழைகள் பெருந்துணை. குளிர் மிகும்போது இழைகளின் வளர்ச்சியும் தளரும். பயிர் முதிரும் பருவத்தில் தடித்த சுவருடைய வித்துகளை உருவாக்கி, அடுத்த வேர் வரும்வரை பூசணம் மண்ணில் காத்திருக்கும். இடைவிடாத உழவு இழைகளை அறுக்கிறது. மிகையான பாஸ்பரஸ் உரம் இந்தப் பண்டமாற்றையே குலைக்கிறது.

பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதி செய்கிறது. மலைத்தோட்டத்திலும் சரி, பசுமலையைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியிலும் சரி, மண் ஆய்வின்றி அந்த உரத்தைக் கொட்டுவது இரட்டை இழப்பு: அந்நியச் செலாவணியும் போகிறது, இலவச உழைப்பாளியும் போகிறான். உரத்தை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. தேவையறிந்து இடவும், மட்குக்கும் மானியத்தில் உரிய பங்கு தரவும் வேண்டும். ஹோவார்ட் 1947-இல் மறைந்தார். இந்திய மண்ணில் அவர் கற்ற பாடத்தை இந்திய அரசின் கணக்கேடுகள் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.