பதினாறு வயதில் அடிமை. பின்னர் ஒரு நாட்டின் புனிதர்

மார்ச் 17ஆம் தேதி வந்தால் உலகின் பல நகரங்கள் பச்சை நிறத்துக்கு மாறிவிடுகின்றன. அமெரிக்காவின் சிகாகோ நகரில் திருநாளை ஒட்டி ஆற்றுக்கே பச்சைச் சாயம் ஏற்றுகிறார்கள். டப்ளின், நியூயார்க் நகரத் தெருக்களில் ஊர்வலங்கள் போகின்றன. பச்சைத் தொப்பி அணிந்து, சட்டையில் மூவிலைச் செடியைக் குத்திக்கொண்டு மக்கள் கொண்டாடும் அந்த நாள், அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாள்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஈஸ்ட் கோஸ்ட் வட்டாரத்தில் 1933ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு பள்ளியே அவர் பெயரில் இருக்கிறது. ஆனால், பேட்ரிக் யார் என்று கேட்டால், பாம்புகளை விரட்டியவர், மூவிலைச் செடியைக் காட்டிப் போதித்தவர் என்ற இரண்டு கதைகளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த இரண்டுமே அவர் எழுதியவற்றில் இல்லை. அவர் எழுதிய இரண்டு சிறு நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோது நான் சந்தித்தது வேறொரு மனிதரை. அவர் அயர்லாந்தில் பிறந்தவரே அல்லர். அந்த மண்ணில் அவர் முதலில் கால்வைத்தது கடத்திவரப்பட்ட அடிமையாக.

வசதியான வீட்டுப் பிள்ளை

பேட்ரிக் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பிறந்தது பிரிட்டனில். ரோமப் பேரரசின் பிடி அங்கே தளர்ந்து மறைந்த காலம் அது. தந்தை கல்பூர்னியஸ் நகர மன்ற உறுப்பினர். தேவாலயத்தில் திருத்தொண்டராகவும் இருந்தார். தாத்தா பொட்டிட்டஸ் ஒரு குரு. குருமார்கள் மணம்புரிந்து குடும்பத்துடன் வாழ்வது அக்காலத்தில் வழக்கத்தில் இருந்தது. ஊருக்கு அருகே அவர்களுக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. அங்கே வேலை செய்ய அடிமைகளும் இருந்தார்கள். பக்தியான குடும்பம் என்றாலும், இளம் வயதில் தமக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இருந்ததில்லை என்று பேட்ரிக் எழுதியிருக்கிறார்.

அவருக்கு ஏறத்தாழ 16 வயதானபோது, கடல் தாண்டி வந்த அயர்லாந்துக் கொள்ளையர்கள் அந்தப் பண்ணையைத் தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோருடன் சேர்த்து அவரையும் பிடித்துச் சென்றார்கள். அடிமைகள் வேலை செய்த வீட்டின் பிள்ளை ஒரே நாளில் அடிமையானார். நம்மில் பலர் உயர்நிலை நான்கில் தேர்வுக்குத் தயாராகும் வயது அது.

ஆறு ஆண்டு ஆட்டு மந்தையுடன்

அயர்லாந்தில் அவருக்குக் கிடைத்த வேலை ஆடு மேய்ப்பது. வடக்கே ஆன்ட்ரிம் வட்டாரத்தில் உள்ள ஸ்லெமிஷ் மலையில்தான் அவர் மேய்த்தார் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. அவர் எழுத்திலோ மேற்குக் கடலோரத்துக் காடு ஒன்றின் பெயர் மட்டுமே இருக்கிறது.

பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து வேண்டிக்கொள்வாராம். பகலில் நூறு முறை, இரவிலும் ஏறக்குறைய அதே அளவு. வீட்டில் வசதியாக இருந்தபோது வராத நம்பிக்கை, எல்லாம் பறிபோன பிறகு மலைச்சரிவில் வந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் அவர் இன்னொன்றையும் பெற்றார். தம்மைச் சிறைப்படுத்திய மக்களின் மொழி, பழக்கவழக்கம், மனப்போக்கு எல்லாம் அவருக்குப் பழகிப்போயின.

ஓர் இரவு, அவருக்கான கப்பல் தயாராக இருக்கிறது என்று கனவில் ஒரு குரல் கேட்டது. பேட்ரிக் எசமானரை விட்டு ஓடினார். ஏறத்தாழ 200 மைல் தூரம், அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத பாதை. துறைமுகத்தை அடைந்தபோது மாலுமிகள் முதலில் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு மனம் மாறிக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் கடற்பயணம். அதன் பின் 28 நாள் ஆளில்லா நிலத்தில் பசியோடு நடை. இப்படிப் பல இன்னல்களுக்குப் பிறகு, சில ஆண்டுகள் கழித்துப் பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். இனி எங்கும் போகாதே என்று அவர்கள் கெஞ்சினார்கள்.

திரும்பிப் போனவர்

இத்துடன் கதை முடிந்திருந்தால் பேட்ரிக்கை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால், இன்னொரு கனவு வந்தது. விக்டோரிகஸ் என்பவர் அயர்லாந்திலிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்களுடன் வருகிறார். அதில் ஒன்றைப் பிரித்தபோது, மீண்டும் தங்களிடையே வந்து நடமாடும்படி அந்நாட்டு மக்கள் ஒரே குரலில் அழைப்பது கேட்கிறது. நெஞ்சு உருகி, மேலே படிக்க முடியாமல் விழித்துக்கொண்டார்.

பின்னர் சமயக் கல்வி பெற்று, ஆயராகி, தாம் தப்பி ஓடிய அதே நாட்டுக்குச் சொந்த விருப்பத்தில் போனார். அவர் போன ஆண்டு 432 என்று மரபு கூறுகிறது. அங்கே ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அன்பளிப்பாகத் தரப்பட்ட நகைகளைத் திருப்பிக் கொடுத்தார். பாதுகாப்பாகப் பயணம் செய்யச் சிற்றரசர்களுக்குக் கைக்காசு கொடுத்தார். அப்படியும் ஒருமுறை 14 நாள் இரும்பு விலங்கில் கிடந்தார். கிறிஸ்துவத்தைத் தழுவிய பெண்களைப் பற்றி எழுதும்போது, அவர்களில் அதிகமாகத் துன்பப்படுவோர் அடிமைப் பெண்களே என்று தனியாகக் குறிப்பிடுகிறார். அடிமையாக இருந்தவர் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

மொழி தந்த வெட்கம்

முதிய வயதில் பேட்ரிக் தம் வாழ்க்கையை லத்தீனில் எழுதினார். ‘கன்ஃபெஸ்ஸியோ’ என்று அழைக்கப்படும் அந்த நூல் பெருமை பேச எழுதப்பட்டதன்று. பதினைந்து வயதளவில் செய்த ஏதோ ஒரு தவற்றை நெருங்கிய நண்பர் ஒருவரிடம் அவர் சொல்லியிருந்தார். முப்பது ஆண்டு கழித்து அது வெளியே வந்து, திருச்சபைப் பெரியவர்கள் அவருடைய தகுதியைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் காயத்தோடு எழுதிய பதில் அது.

அந்நூலில் திரும்பத் திரும்ப வருவது, தமக்கு நல்ல லத்தீன் வராது என்ற வெட்கம். பிரிட்டனின் கெல்டிக் மொழியே அவருடைய வீட்டு மொழி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. படிப்பு மொழி லத்தீன். அதை நன்றாகக் கற்க வேண்டிய ஆண்டுகளில் அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பேசியது ஐரிஷ் மொழி. மற்றவர்கள் சிறுவயது முதல் ஒரே மொழியில் படித்துத் தேர்ந்தவர்கள், தம் பேச்சோ வேற்று மொழிக்கு மாறிப்போனது என்கிறார். மற்றவர்களின் நாவுக்கு அஞ்சியே எழுதுவதைப் பல காலம் தள்ளிப்போட்டதாகவும் சொல்கிறார். ஆழச் சேற்றில் கிடந்து, பின்னர் தூக்கி எடுக்கப்பட்டுச் சுவரின் உச்சியில் வைக்கப்பட்ட கல்லுக்குத் தம்மை ஒப்பிடுகிறார்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று வளர்ந்த எனக்கு இந்தப் பகுதி பழைய வரலாறாகத் தெரியவில்லை. தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால், பிழை வந்துவிடுமோ, யாரும் சிரிப்பார்களோ என்ற தயக்கம் நம் தலைமுறையில் பலருக்கு உண்டு. பேட்ரிக்குக்கும் அது இருந்தது. தயக்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, தயக்கத்தோடே எழுதினார்.

அவருடைய இரண்டாவது எழுத்து ஒரு கடிதம். கொரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரர்கள், புதிதாகத் திருமுழுக்குப் பெற்று வெள்ளாடையோடு நின்ற மக்களில் சிலரை வெட்டிக் கொன்று, மற்றவர்களை அடிமைகளாக விற்றுவிட்டார்கள். விடுவிக்கச் சொல்லி பேட்ரிக் அனுப்பிய தூதர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த கடிதத்தில் அவர் தயக்கம் காட்டவில்லை. கைதிகளை விடுவித்து மனம் வருந்தும்வரை அவர்களோடு யாரும் உண்ணவோ பருகவோ கூடாது என்று அறிவித்தார். அடிமைமுறை முழுவதையும் ஒழிக்க வேண்டும் என்று அதில் அவர் சொல்லவில்லை. ஆனாலும், விற்கப்பட்டவர்களுக்காக, விற்கப்பட்ட ஒருவரே எழுப்பிய குரல் அது.

பாம்பு, மூவிலை, பச்சை

அப்படியானால் நாம் அறிந்த அடையாளங்கள் எங்கிருந்து வந்தன?

முதலில் பாம்பு. பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தைக் கடல் சூழ்ந்துகொண்டதால் பாம்புகள் அங்கே போய்ச் சேரவே இல்லை. பேட்ரிக்குக்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், சொலினஸ் என்ற ரோம எழுத்தாளர் அங்கே பாம்பு கிடையாது என்று குறித்திருக்கிறார். விரட்டிய கதை, பழைய சமயத்தை வென்றதைச் சொல்லும் உருவகம் என்று பலர் விளக்குகிறார்கள்.

அடுத்து ‘ஷாம்ராக்’ எனப்படும் மூவிலைச் செடி. ஒரே காம்பில் மூன்று இலை இருப்பதைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்று அவர் விளக்கியதாகக் கதை. அது எழுத்தில் வருவது 18ஆம் நூற்றாண்டில்தான், அவர் மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து. பச்சையும் பிந்தியதே. 1783ஆம் ஆண்டில் புனித பேட்ரிக் பெயரில் வீரர் விருது அமைக்கப்பட்டபோது அதற்குத் தேர்ந்த நிறம் நீலம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1798ஆம் ஆண்டில் நடந்த கிளர்ச்சிக் காலத்தில் பச்சை விடுதலை உணர்வின் நிறமாக ஊன்றியது.

மார்ச் 17 அவர் மறைந்த நாள் என்று நம்பப்படுகிறது. தவக்காலத்தில் வரும் அந்த நாளில் மட்டும் நோன்பைத் தளர்த்தி, காலையில் தேவாலயம் சென்று, பிறகு குடும்பத்தோடு உண்பது அயர்லாந்து வழக்கம். 1903ஆம் ஆண்டில் அது அங்கே பொது விடுமுறையானது. இருபதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் அன்று மதுக்கூடங்களைத் திறக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அவரை நினைத்து மக்கள் இன்றும் செய்யும் கடினமான காரியம் ஜூலை கடைசி ஞாயிறன்று நடக்கிறது. அவர் 40 நாள் நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் 764 மீட்டர் உயர குரோ பேட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலில்.

பெரிய ஊர்வலங்களை வளர்த்தவர்கள் வெளிநாடு சென்ற ஐரிஷ் மக்கள். நியூயார்க் ஊர்வலம் 1762ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் மடிந்தார்கள். அதே அளவு மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். போன இடத்தில் ஏளனத்தைச் சந்தித்தவர்களுக்கு, தலைநிமிர்ந்து தெருவில் நடக்க ஒரு நாள் தேவைப்பட்டது. வீட்டைப் பிரிந்து வேற்று மண்ணில் வாழ்ந்த ஒருவரின் நாளை அவர்கள் எடுத்துக்கொண்டது பொருத்தமாகவே இருக்கிறது.

பச்சைத் தொப்பியில் தவறில்லை. கொண்டாட்டம் மக்களைச் சேர்க்கிறது. ஆனால், அந்த மனிதரை அறிய விரும்பும் மாணவர்கள் அவருடைய இரண்டு நூல்களையும் தேடிப் படிக்கலாம். ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய அளவுதான். அயர்லாந்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்கள் அவை. எழுதியவர் தம் மொழி சரியில்லை என்று கடைசிவரை வெட்கப்பட்டார். அவரை எள்ளி நகையாடிய படித்தவர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது.