தச்சு வேலை கற்ற பிஷப்

முதல் வருஷம் கார்ப்பென்டரி ஷாப்பில் இழைப்புளி தள்ளி கை காய்த்துப் போன நமக்கெல்லாம் இந்த மனுஷரைப் பிடிக்கும். பெயர் சாமுவேல் அஜாயி குரோவ்தர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப்.

இன்றைய நைஜீரியாவில், யொரூபா மக்களின் ஓசோகுன் என்ற ஊரில் சுமார் 1809-ல் பிறந்தவர். 1821-ல் அடிமை பிடிப்பவர்கள் ஊருக்குத் தீ வைத்து, அஜாயியையும் அம்மாவையும் தங்கைகளையும் கயிறு கட்டி இழுத்துப் போனாங்க. அம்மா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். பல கை மாறி, கடைசியில் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றினார்கள். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மடக்கி, அடிமைகளை விடுவித்து, சியரா லியோனில் இறக்கிவிட்டது.

அங்கேதான் எழுத்தும் படித்தார், தச்சு வேலையும் கற்றார். 1825-ல் ஞானஸ்நானம். 1827-ல் ஃபூரா பே கல்லூரி தொடங்கியபோது முதல் மாணவர்களில் ஒருவர். 1841-ல் நைஜர் நதிப் பயணத்துக்குப் போனார். கூட வந்த வெள்ளைக்காரர்கள் பலர் காய்ச்சலில் இறந்தார்கள். 1843-ல் குருப்பட்டம். அதே வருஷம் யொரூபா மொழிக்கு அகராதியும் வெளியிட்டார். பைபிளை யொரூபாவில் கொண்டுவந்ததிலும் பெரும்பங்கு அவருடையது.

1846-ல் அபியோகுட்டாவில் ஊழியம் செய்தபோது அம்மாவைக் கண்டுபிடித்தார். 25 வருஷம் ஆகியிருந்தது! ரெண்டு பேருக்கும் பேச்சே வரவில்லையாம். படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

1864 ஜூன் 29, கேன்டர்பரி பேராலயத்தில் பிஷப் ஆனார். ஆனால் அதிலும் ஒரு கொக்கி இருந்தது. லாகோஸ், அபியோகுட்டா எல்லாம் அவர் அதிகாரத்துக்கு வெளியே! காரணம், அங்கிருந்த வெள்ளை மிஷனரிகள் ஒரு கறுப்பருக்குக் கீழே வேலை பார்க்க விரும்பவில்லை.

நைஜர் கரையில் ஆப்பிரிக்க ஊழியர்களை வைத்தே சபைகளைக் கட்டினார். 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிகள் ஒனிட்சாவில் கமிட்டி போட்டு, அவர் ஆட்களை ஒழுக்கமில்லாதவர்கள் என்று தள்ளி வைத்தார்கள். அதில் அவர் மகனும் ஒருவர். சில புகார்களில் உண்மை இருந்திருக்கலாம். அதற்காக எண்பது வயசுப் பெரியவரைப் பேரன் வயசுப் பசங்க நிற்க வைத்துக் கேள்வி கேட்பதா? கமிட்டியை விட்டு வெளியேறினார். 1891 டிசம்பர் 31-ல் லாகோஸில் இறந்தார். அவர் இடத்துக்கு ஒரு வெள்ளைக்காரரையே போட்டாங்க.

2014-ல், அவர் பிஷப் ஆன 150-ஆம் ஆண்டு விழாவில், அதே கேன்டர்பரி பேராலயத்தில், அப்போதைய ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.