போரோடு மறைந்த எழுத்தர்

அழைப்பிதழ்களிலும் நூல் முகப்புகளிலும் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து நெளியும் ஆங்கில எழுத்துருக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பலவற்றுக்கு மூதாதை ஒரு மனிதரின் கையெழுத்து. அவர் பெயர் லுடோவிக்கோ அரிகி. எழுத்துருக்களின் வரலாற்றைத் தேடி வாசிக்கும் எனக்கு, அதில் மிகவும் நெருக்கமானவராகத் தோன்றுபவர் இவர்தான்.

இத்தாலியின் விசென்சா நகருக்கு அருகே பிறந்தவர். அதனால் விசென்டினோ என்றும் அழைக்கப்பட்டார். 1510இல் ரோமில் ஒரு பயண நூலை வெளியிட முன்னின்றார். லுடோவிக்கோ வர்தேமா என்ற பயணி எழுதிய அந்நூலில் கள்ளிக்கோட்டையும் இலங்கையும் இடம்பெறுகின்றன. எங்கள் தீவின் பெயர் அவர் கைவழியே ஐரோப்பிய வாசகரிடம் சென்றது என்பது எனக்கு வியப்பான செய்தி.

பின்னர் பாப்பரசரின் செயலகத்தில் கடிதங்களை எழுதும் எழுத்தரானார். விரைவாகவும் தெளிவாகவும் எழுத அங்கு பயன்பட்ட சாய்வெழுத்தை எவரும் கற்கலாம் என அவர் நம்பினார். 1522 என ஆண்டு குறித்த லா ஒபெரினா என்ற 32 பக்கக் கைநூலில் அதைப் படிப்படியாகக் கற்பித்தார். தடித்த கிடைக்கீறு ஒன்று, மெல்லிய சாய்கீறு ஒன்று. இவ்விரண்டில் ஒன்றோடுதான் சிறிய எழுத்துக்கள் யாவும் தொடங்குகின்றன என்று காட்டினார். பக்கங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டு அச்சாகின. பாப்பரசரின் செயலகத்துக்குள் இருந்த கலை, புத்தகம் வாங்க முடிந்த எவர் கைக்கும் வந்தது.

1524 அளவில் லவுதிசியோ என்ற பொற்கொல்லரோடு சேர்ந்து அச்சகம் தொடங்கினார். தன் கையெழுத்தையே உலோக அச்செழுத்தாக வார்ப்பித்தார். மேலெழும் கோடுகள் காற்றில் சாயும் இறகுபோல வலப்பக்கம் வளைந்தன. மூன்றாண்டுகள் அழகிய சிறு நூல்கள் வெளிவந்தன.

1527 மே மாதம் 6ஆம் திகதி, சம்பளம் கிடைக்காத பேரரசுப் படையினர் ரோமுக்குள் புகுந்தனர். கொலையும் கொள்ளையும் மாதக்கணக்கில் நீடித்தன. அந்த ஆண்டுக்குப் பின் அரிகியின் பெயரில் ஒரு நூலும் இல்லை, ஒரு பதிவும் இல்லை. அந்த அழிவிலேயே அவர் இறந்திருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். கல்லறையும் இல்லை, இறந்த நாளும் இல்லை. ஒரு திகதியோடு ஒருவரைப் பற்றிய செய்தி நின்றுபோவது எத்தகையது என்பதை எம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவரது எழுத்து நின்றுவிடவில்லை. ரோமில் அன்தோனியோ பிளாடோ என்ற அச்சகர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினார். 1925இல் பிரெடரிக் வோர்ட் என்ற அமெரிக்கர் அதை அரிகி என்ற பெயரிலேயே மீள உருவாக்கினார். இன்று அது கணினியிலும் கிடைக்கிறது.

கைநூல் ஒன்றை எழுதி வைத்ததே அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தெரிந்த தொழிலைத் தன்னோடு வைத்திருந்தால் 1527இல் அதுவும் போயிருக்கும். எங்கள் ஊர்களிலும் பெயர்ப்பலகை எழுதும் முதியவர்கள், ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலை எம்முடையது.