நாளிதழிலிருந்து பாணர் மரபு வரை: பேராசிரியர் க. கைலாசபதி

தமிழாய்வு என்றதும் ஏடுகளும் உரைநூல்களும் நிறைந்த ஓர் அறை நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் நாளிதழ்ப் பணிமனையிலிருந்து புறப்பட்டுச் சங்ககாலப் பாணரின் யாழொலி வரை சென்ற ஆய்வாளர் ஒருவர் உண்டு. அவரே ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி ஆவார். இதழியலும் தொடர்பியலும் ஆசியப் பண்பாட்டாய்வும் முதுநிலை மாணவர்க்குரிய துறைகளாக வளர்ந்துள்ள இக்காலத்தில், அன்னாரின் வாழ்க்கை நாம் அறிந்து போற்றத்தக்கது.

அவர் 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் யாழ்ப்பாணம் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்றார். பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1957 இல் முதல் வகுப்பில் சிறப்புப் பட்டம் பெற்றார். எனினும் அவர் உடனே ஆசிரியப் பணியை நாடவில்லை. தினகரன் நாளிதழில் சேர்ந்தார். 1959 இல் அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 26.

அக்காலத்தில் இலங்கையின் வாரப் பத்திரிகைப் பக்கங்களைத் தமிழகத்துக் கதைகளும் அவற்றின் சாயல்களும் நிரப்பியிருந்தன. கைலாசபதியோ தம் மண்ணின் எழுத்தாளருக்கு இடமளித்தார். உழைப்பாளரின் வாழ்வையும் சாதிக் கொடுமையையும் எழுதிய இளைஞர் பலர் அப்பக்கங்களில் வளர்ந்தனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இளங்கீரனின் நீதியே நீ கேள் என்னும் நாவல் தினகரனில் தொடராக வந்தது. யாருடைய குரல் அச்சேறுகிறது, யாருடைய குரல் விடுபடுகிறது என்னும் வினா அவருக்கு ஏட்டறிவாக வந்ததன்று; நாள்தோறும் செய்த தொழிலில் கிடைத்தது.

பின்னர்ப் பல்கலைக்கழக விரிவுரையாளரான அவர், முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தமிழறிஞர் அல்லர். கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன். அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவு மீனவரிடையே பழகி அவர்தம் மொழியைக் கற்ற பேரறிஞர் அவர். அதே பல்கலைக்கழகத்தில் 1964 இல் ரிச்சர்ட் ஹாகர்ட் சமகாலப் பண்பாட்டாய்வு மையத்தைத் தொடங்கினார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பத்திரிகையும் பாட்டும் பொதுமக்கள் பொழுதுபோக்கும் உயராய்வுக்குரியனவே என்னும் எண்ணம் அங்கு வேரூன்றிய காலம் அது.

கைலாசபதி எடுத்துக்கொண்ட பொருள் புறநானூறு முதலிய சங்கப் பாடல்களின் வீரநிலைக் கவிதை மரபு. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவிய நாட்டுப் பாடகரின் பாடல்களைப் பதிவு செய்திருந்தார். அப்பாடகருள் போஸ்னிய முஸ்லிம்கள் பலர். எழுதப் படிக்க அறியாத அவ்தோ மெஜெதோவிச் என்னும் முஸ்லிம் பாடகர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட கதைப்பாடல் ஒன்றைப் பாடி வியப்பூட்டினார். அவர் அதை வரிவரியாக மனனம் செய்தவரல்லர். மரபுத் தொடர்களையும் நிகழ்ச்சிக் கூறுகளையும் துணையாகக் கொண்டு பாடும்போதே இயற்றியவர். ஹோமரின் காவியங்களும் இவ்வாறே பிறந்தன என்பது பாரியின் முடிபு. இவ்வளவுகோலைக் கொண்டு சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் புறத்துறைகளையும் கைலாசபதி ஆராய்ந்தார். கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் மரபுகளோடு ஒப்பிட்டு, பாணரும் பொருநரும் வளர்த்த வாய்மொழிக் கலையே அப்பாடல்களின் அடித்தளம் என நிறுவ முற்பட்டார். 1966 இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1968 இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கில நூல் வடிவம் கொண்டது.

இக்கருத்தை அனைவரும் ஏற்றனர் அல்லர். கல்வி நிரம்பிய புலவர் எழுத்தில் ஆக்கியவற்றைப் பாணர் பாட்டென்பது சங்க இலக்கியத்தின் சிறப்பைக் குறைக்கும் எனக் கருதியோர் இருந்தனர். வாய்மொழி மரபைத் தழுவிப் புலவர் எழுதியவையே அவை என்று கூறிய ஆய்வாளரும் உளர். ஆயினும் வறுமையில் வாழ்ந்த பாணனையும் கவிதையின் படைப்பாளியாக ஆய்வின் நடுவே நிறுத்திய துணிவு அவருடையது. தமிழ் நாவல் இலக்கியம், ஒப்பியல் இலக்கியம் ஆகிய நூல்களிலும் இலக்கியத்தைச் சமுதாயத்தோடு சேர்த்தே அவர் நோக்கினார்.

1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1982 டிசம்பர் 6 ஆம் நாள், 50 வயதும் நிரம்பாத நிலையில், அவர் மறைந்தார்.

அன்னாரின் ஆய்வுமுறையை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். வடசென்னைக் காலடிப்பேட்டை, 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பு. காலெட்பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்றும் வடசென்னைத் தெருக்களில் இறப்பு வீடுகளில் கானாப் பாடகர் இரவெல்லாம் பாடுகின்றனர். இறந்தவரின் பெயர், தொழில், உறவு ஆகியவற்றைப் பழகிய மெட்டிலும் தொடரிலும் பொருத்தி அங்கேயே கட்டுகின்றனர். புறநானூற்றின் கையறுநிலையைப் பாடம் கேட்கும் மாணவன், அத்துறையின் வாழும் உறவினர் தன் தெருவிலேயே இருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்குரல்கள் பதிவு பெறாமல் ஓய்ந்தால் மீண்டும் கிடைக்கா. பட்டம் பெற்றதும் வேலைக்கு விரையும் நம் பிள்ளைகளுள் ஒரு சிலரையேனும் ஆய்வுக்கு அனுப்பச் சமுதாயப் பெரியோர் முன்வருதல் வேண்டும். ஆய்வுத் தலைப்பைத் தேடி அலையும் மாணவரும் ஒருமுறை தம் தெருவுக்குச் செவிகொடுப்பாராக.